கண்ணாடி இல்லாத ஆடி

லேசர் பற்றித் தமிழில் எழுதுவோர் பலரும் அதன் ஆற்றலை வியந்து பேசுகின்றனர். அவ்வாற்றலுக்கு எல்லை வகுப்பது எது எனக் கேட்போர் அரியர். மிகுதிறன் குறைகடத்தி லேசரில் அவ்வெல்லையைப் பெரிதும் வகுப்பது அதன் ஆடியே என்பது நம் கருத்து. ‘கண்ணாடி’ என்னும் சொல்லை வேண்டுமென்றே தவிர்த்தோம். படிகத்தைப் பிளந்தபோது கிடைக்கும் பளபளப்பான முகமே இங்கு ஆடி.

காலியம் ஆர்சனைடு படிகத்தில் இவ்வகை லேசரை 1962இல் அமெரிக்காவில் ராபர்ட் ஹால் குழுவினர் இயக்கிக் காட்டினர். பிளந்த முகம் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 30 விழுக்காட்டைத் திருப்பும். லேசர் இயங்க அதுவே போதும். திறனைக் கூட்டும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. பிளந்த முகத்தில் அணுப்பிணைப்புகள் அறுந்து நிற்கின்றன. காற்றிலுள்ள ஆக்சிஜன் அங்கே பற்றுகிறது. அவ்விடம் ஒளியை உறிஞ்சிச் சூடேறுகிறது. சூடேறினால் பொருளின் ஆற்றல் இடைவெளி சுருங்கும். சுருங்கினால் இன்னும் மிகுதியாக உறிஞ்சும். இப்படி ஒன்றையொன்று வளர்க்க, இமைப்பொழுதுக்குள் முகம் உருகிவிடுகிறது. வாயில் கெட்டதால் வீடே பாழாவது போன்றது இது.

முன்முகத்தில் எதிரொளிப்பைக் குறைத்தும் பின்முகத்தில் மிகுத்தும் பூச்சிடுவது பழகிய முறை. பயனுடையதுதான்; எனினும் அது மட்டும் நோயின் வேரைத் தீண்டாது. ஐ.பி.எம். நிறுவனத்தின் சூரிச் ஆய்வகம் கண்ட வழியே வேரைத் தீண்டியது. உயர் வெற்றிடத்திலேயே படிகத்தைப் பிளந்து, காற்றுப் படுமுன் மெல்லிய சிலிக்கான் படலத்தால் முகத்தை மூடினர். 980 நானோமீட்டர் லேசர்கள் ஒளியிழைப் பெருக்கிகளில் நெடுங்காலம் நம்பத்தக்கனவாக உழைக்க இது துணைசெய்தது. கடலடியில் கிடக்கும் பெருக்கியில் லேசர் பழுதுபட்டால் கப்பல் அனுப்பி வடத்தையே மேலே தூக்கவேண்டும். சென்னையில் கரையேறும் வடங்களுக்கும் இதே நிலைதான். முகத்தருகே மட்டும் ஆற்றல் இடைவெளியை அகலமாக்கி, ஒளி உறிஞ்சப்படாமல் கடக்கச் செய்யும் முறையும் உண்டு. எவ்வளவு திருப்புகிறது என்பதைவிட எவ்வளவு உறிஞ்சாதிருக்கிறது என்பதையே ஆடியின் முதல் தகுதியாகக் கொள்ளவேண்டும் என்போம்.

விளிம்பு முகத்தையே கைவிட்டு, மேற்பரப்பின் வழியே ஒளியை வெளியேற்றலாம் என்பாரும் உளர். ஜப்பானின் கெனிச்சி இகா 1977இல் முன்வைத்த எண்ணம் அது. அதன் ஆடிகள் கால் அலைநீளத் தடிப்புள்ள பல அடுக்குகளால் ஆகி, 99 விழுக்காட்டிற்கும் மேல் ஒளியைத் திருப்புவன. 2023இல் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் சுசுமு நோடா குழுவினர், ஒளிப்படிக அமைப்பு என்னும் வேறொரு வழியில், 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள பரப்பிலிருந்து 50 வாட் தொடரொளியைப் பெற்றனர். போற்றத்தக்க முயற்சியே. ஆயினும் உலோகம் வெட்டும் இழை லேசர்களுக்கு இன்றும் ஊக்க ஒளி தருவன பெரும்பாலும் விளிம்பு லேசர்களே. பழைய முகத்தைப் பேணும் ஆய்வை இப்போதே நிறுத்திவிடலாம் என்பாரோடு நாம் உடன்படவில்லை.