சமாதானம் வேண்டும், வாயடைப்பு வேண்டாம்

தேயிலை எஸ்டேட் லயனில் ஒரு தகராறு. குழாயடியில் குடத்தைத் தள்ளிவிட்டு, சாதிப் பெயர் சொல்லித் திட்டுகிறார்கள். மறுநாள் மகளிர் குழுவுக்கு ஆள் வருகிறது. "நீங்கதாம்மா பேசி முடிச்சு வைக்கணும். போலீஸ், கேஸுன்னு போனா ஊர் பேரு கெட்டுப்போகும்." நாங்கள் கேட்கிறோம்: கெட்டது ஊர்ப் பேரா, எங்கள் மானமா?

கூடலூர், பந்தலூர், கோத்தகிரி மலைகளில் கொழுந்து பறிக்கும் எங்களில் பலர் 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தால் வந்தவர்களின் பிள்ளைகள். அந்த ஒப்பந்தம் 5,25,000 பேரைக் கணக்குப் போட்டு இந்தியாவுக்கு ஒதுக்கியது. எங்களை யாரும் கேட்கவில்லை. இன்றும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் லயன் வீடு போய்விடும் என்ற பயத்தோடுதான் வாழ்கிறோம். இப்படிப்பட்ட இடத்தில் "விட்டுக்கொடுத்துப் போங்கள்" என்றால், விட்டுக்கொடுப்பது எப்போதும் யார்?

1989ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். தர்மபுரியில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கிய ஆண்டு அது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதும் அதே ஆண்டில்தான். ஒரே ஆண்டில் எங்கள் பெண்களுக்குச் சேமிப்புப் புத்தகமும் வந்தது, சட்டப் புத்தகமும் வந்தது. புத்தகத்தைக் காட்டிச் சட்டத்தைக் கீழே வைக்கச் சொல்கிறார்கள். புகார் கொடுத்தால் அடுத்த லோனுக்குக் கையெழுத்து விழாது என்பதுதான் இவர்களுடைய சமரசம்.

சட்டம் என்ன சொல்கிறது? 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின் 15ஏ பிரிவு, பாதிக்கப்பட்டவரையும் சாட்சியையும் மிரட்டல், வற்புறுத்தல், ஆசைகாட்டுதல் ஆகியவற்றிலிருந்து காப்பது அரசின் கடமை என்கிறது. ஊர் கூடிப் "பேசி முடிக்க" வற்புறுத்துவது சமாதானம் அல்ல. சட்டம் தடுக்கச் சொன்னதையே செய்வது.

பெண்கள் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை 2015 செப்டம்பரில் பக்கத்து மூணாறு காட்டியது. பெரும்பாலும் தமிழ்த் தலித் பெண்களான தோட்டத் தொழிலாளர்கள் 'பெம்பிளை ஒருமை'யாகத் திரண்டு, 20 சதவீத போனஸ் கேட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள். சங்கத் தலைவர்களைப் பக்கத்தில் விடவில்லை. கேட்டதை வாங்கினார்கள். 232 ரூபாய்க் கூலியை 500 ஆக்கச் சொன்னார்கள், 301க்குத்தான் முடிந்தது. பின்னாளில் அந்த அமைப்பு பிளவுபட்டதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் நியாயத்தை முன்னால் வைத்தபோது ஒற்றுமை தானாக வந்தது என்பதை யாரும் அழிக்க முடியாது.

ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1325ஆம் தீர்மானம் 2000இலேயே சொல்லிவிட்டது: அமைதி பேசும் மேசையில் முடிவெடுப்பவர்களாகப் பெண்கள் இருக்க வேண்டும். எங்கள் மலையிலோ அந்த மேசைக்கு டீ கொண்டு போவதற்குத்தான் பெண்களைக் கூப்பிடுகிறார்கள்.

மகளிர் குழுத் தோழிகளே, சண்டையை மூட்டச் சொல்லவில்லை. ஒரே வரிசையில் கொழுந்து பறிக்கும் கைகள் நம்முடையவை, பகையோடு யாரால் வாழ முடியும்? ஆனால் வரிசையை மாற்றுவோம். முதலில் அடிபட்டவளின் பக்கத்தில் உட்காருவோம். அவள் புகார் எழுதத் துணை போவோம். அவளுடைய கடனும் வீடும் பறிபோகாமல் காப்போம். அதன் பிறகு குற்றம் செய்தவன் வரட்டும், சமாதானம் பேசலாம்.

நீதி இல்லாத அமைதிக்கு எங்கள் கையெழுத்து கிடையாது.

ஜெய்பீம்.