நியமனம் தந்தார்கள், வழி தந்தார்களா?

நம்மவர் சிலருக்கு இப்போது ஒரு புதிய பொழுதுபோக்குக் கிடைத்திருக்கிறது. வன்னிக்குப் போகத் தயங்கும் இளம் ஆசிரியர்களையும், தீவுக்குப் போகப் பின்னிற்கும் வைத்தியர்களையும் மேடையேறித் திட்டுவதே அது. "சம்பளம் மட்டும் வேண்டும், சேவை வேண்டாமோ?" என்று முழங்குகிறார்கள். கைதட்டல் எழுகிறது. முழங்கிய கனவான் வாசலில் நிற்கும் வாகனத்தில் ஏறி வீடு போய்ச் சேருகிறார். அந்த வாகனம் யார் கொடுத்தது, அதற்கு எரிபொருள் யார் நிரப்புவது என்று சபையில் ஒருவரும் கேட்பதில்லை.

நாம் கேட்கிறோம்.

ஆசிரிய நியமனக் கடிதம் ஒன்றை எடுத்துப் படித்துப் பாருங்கள். பாடசாலையின் பெயர் இருக்கும். கடமையேற்க வேண்டிய திகதி இருக்கும். அந்தத் திகதியில் வராவிட்டால் என்ன நடக்கும் என்ற மிரட்டலும் இருக்கும். அந்தப் பாடசாலைக்கு எந்தப் பேருந்தில், எத்தனை மணிக்கு ஏறிப் போவது என்பதற்கு ஒரு வரி இருக்குமா? இராது. "போ" என்று கட்டளையிடுவது அரசாங்கத்தின் வேலை; எப்படிப் போவது என்பது அவரவர் தலைவிதி!

"எங்கள் பாட்டன்மார் போகவில்லையா?" என்று கேட்கிறார்கள். போனார்கள். கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்று பழமொழி செய்து வைத்தவர்களல்லவா? கொழும்புக்குப் போனார்கள், குருநாகலுக்குப் போனார்கள், கடல் கடந்து மலாயாவுக்கும் போனார்கள். ஆனால் அவர்கள் எப்படிப் போனார்கள் என்பதை இந்தப் பேச்சாளர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். 1905 ஆம் ஆண்டில் கொழும்புப் புகையிரதம் யாழ்ப்பாணத்துக்கு வந்துவிட்டது. 1956 இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. மாலையில் தபால் வண்டியில் ஏறிக் கண்ணயர்ந்தால் விடியற்காலையில் கொழும்புக் கோட்டை. கையில் அரசாங்கம் கொடுத்த புகையிரத ஆணைச்சீட்டு. கூடையில் வீட்டு முருங்கைக்காயும் பனங்கட்டியும். பாட்டன்மார் நம் பிள்ளைகளைவிடப் பெரிய தியாகிகளல்லர். அவர்களுக்குத் தண்டவாளம் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். (1958 இலும் 1983 இலும் அவர்களிற் பலர் கப்பலில் அகதிகளாய்த் திரும்பி வந்தது வேறு கதை.)

அந்தத் தண்டவாளம் பின்னர் என்னவாயிற்று? 1990 ஜூனில் வடபகுதிப் புகையிரத சேவை நின்றது. மீண்டும் வண்டி யாழ்ப்பாண நிலையத்துக்கு வந்தது 2014 ஒக்டோபரில். இடைப்பட்ட 24 ஆண்டுகளில் ஒரு தலைமுறை பிறந்து, படித்து, உத்தியோகமும் பெற்றுவிட்டது. மாத்தறை உத்தியோகத்தருக்கு அந்த ஆணைச்சீட்டு வீடு போகும் வழி. யாழ்ப்பாணத்து உத்தியோகத்தருக்கோ அது வவுனியாவுக்கு வடக்கே செல்லாக் காசு.

இன்று வண்டி ஓடுகிறது என்பீர்கள். ஓடுகிறது, கொழும்புக்கு. இந்நாட்டுத் தண்டவாளமெல்லாம் கொழும்பை நோக்கிப் போடப்பட்டவை. யாழ்ப்பாணத்திலுள்ள ஒருவர் மட்டக்களப்பில் வேலைக்குப் போவதானால், புகையிரத வழியில் மாகோ வரை தெற்கே இறங்கி, அங்கிருந்து வேறு பாதையிற் கல்லோயாவும் பொலனறுவையும் கடந்து, மீண்டும் கிழக்கே ஏற வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதென்பது இதுவே. வடக்கும் கிழக்கும் ஒரே மொழி பேசுகின்றன. ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நேரே போக ஒரு தண்டவாளம் கிடையாது.

கொழும்பும் மட்டக்களப்பும் இருக்கட்டும். வீட்டுக்கு அருகேயுள்ள தூரத்தைப் பார்ப்போம். முத்தையன்கட்டுப் பக்கத்துப் பாடசாலை ஒன்றுக்கு வலிகாமத்திலிருந்து ஓர் இளம் ஆசிரியை நியமிக்கப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பாடசாலை மணி காலை 7.30 க்கு அடிக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்கே ஏறக்குறைய 65 கிலோமீற்றர். அதற்கும் அப்பால் மாங்குளம். மாங்குளத்தில் இறங்கி ஒட்டுசுட்டான் பாதை. அதன்பின் காட்டோரத்து உட்கிராமம். நெடுஞ்சாலையிற் பேருந்துக்குப் பஞ்சமில்லை. பிரதான வீதியை விட்டு விலகியதும்தான் பஞ்சம் தொடங்குகிறது. அந்தக் கடைசி ஐந்தாறு மைலுக்கு அவர் என்ன செய்வார்? முச்சக்கர வண்டிக்குக் கொடுத்தால் சம்பளத்திற் பாதி போய்விடும். மோட்டார்ச் சைக்கிளில் வரும் சக ஆசிரியருக்காகச் சந்தியிற் காத்து நின்றால் ஊர் வாய் சும்மா இருக்காது. யானை நடமாடும் பாதையில் இருள் பிரியுமுன் தனியே நடப்பாரா?

ஆகவே ஆசிரியர்கள் பத்துப் பன்னிரண்டு பேராகச் சேர்ந்து வான் ஒன்றை வாடகைக்குப் பேசிக்கொள்கிறார்கள். வான் பிந்தினால் முதற்பாடம் இல்லை. மற்றப் பாடசாலைகளின் ஆசிரியர்களையும் ஏற்றிக்கொண்டு பொழுதோடு யாழ்ப்பாணம் சேர வேண்டுமென்று சாரதி அவசரப்பட்டால் கடைசிப் பாடமும் இல்லை. ஒரு நாளில் இரண்டு பாடம், வாரத்தில் பத்து. இழப்பவர் ஆசிரியரல்லர். அந்தக் கிராமத்துக் கமக்காரனின் பிள்ளை கணிதத்தில் ஏன் தவறுகிறது என்று ஆராய்வதற்கு ஆணைக்குழு எதற்கு? வான் எத்தனை மணிக்கு வருகிறது என்று பார்த்தாற் போதும்.

"ஊரிலேயே தங்கினால் என்ன?" என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான், நாமும் அதையே விரும்புகிறோம். ஆனால் எங்கே தங்குவது? பூட்டுள்ள கதவும், கிணறும், மலசலகூடமும் உள்ள ஆசிரியர் விடுதி அந்த ஊரில் உண்டா என்று நியமனம் எழுதியவர் பார்த்தாரா? நெடுந்தீவைப் பாருங்கள். குறிகாட்டுவானில் இறங்கிப் படகேற வேண்டும். கடல் கொந்தளித்தாற் படகில்லை. அங்கே விடுதி ஒரு சலுகையன்று. அது இல்லாவிட்டாற் பாடசாலையே இல்லை.

விவசாயிகளான வாசகர்கள், இது உத்தியோகத்தர் வீட்டுச் சங்கதி என்று தாளைப் புரட்டிவிட வேண்டாம். உங்கள் நெற்பயிரிற் கபிலநிறத் தத்தி விழுந்த அன்று வயலுக்கு வரவேண்டிய விவசாயப் போதனாசிரியரும், பசு கன்று ஈன முடியாமற் கிடக்கும் இரவில் வரவேண்டிய மிருக வைத்தியரும், பிள்ளைப்பேற்றின் முன்னும் பின்னும் வீடு தேடி வரவேண்டிய மருத்துவிச்சியும் இதே பாதையால்தான் வரவேண்டும். ஆசிரியையை ஏற்றிவரும் காலைப் பேருந்து, திரும்பும்போது உங்கள் பாலையும் மரக்கறியையும் சந்தைக்குக் கொண்டுபோகும். அது இல்லாத ஊரில் வியாபாரி லொறியோடு வந்து சொன்னதே விலை.

இதற்குப் பொறுப்பாளி யார் என்று தேடிப் போனால் ஒரு வேடிக்கையைக் காணலாம். ஆசிரியரை நியமிப்பது ஒரு கந்தோர். 1958 இல் தோன்றிய இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பேருந்து கொழும்பின் ஆட்சிக்குள். தனியார் பேருந்துக்கு வழியனுமதி கொடுப்பது மாகாணத்து அதிகாரசபை. இணைந்த நேர அட்டவணை என்ற பெயரில் இவ்விரு பேருந்துக்காரரும் தரிப்பிடத்திற் சண்டை பிடிப்பதை நாம் பார்த்திருக்கிறோம். அந்தச் சண்டையில் இலாபமுள்ள பிரதான வீதியைப் பற்றியே பேச்சு. உட்கிராமப் பாடசாலையின் மணிக்கும் பேருந்தின் நேரத்துக்கும் முடிச்சுப் போடும் கடமை எந்தக் கந்தோரின் மேசையிலும் இல்லை. முறையிட ஒரு மாகாண சபையாவது உண்டென்றிருந்தோம். 2018 ஒக்டோபரில் வட மாகாண சபையின் காலம் முடிந்ததும் அந்தக் கதவும் சாத்தப்பட்டது.

வழி செய்ய முடியாதென்பது பொய். கேரதீவுக்கும் சங்குப்பிட்டிக்கும் இடையே 2011 இற் பாலம் திறந்ததும் பூநகரி யாழ்ப்பாணத்துக்கு அயலூராயிற்று. ஆனையிறவைச் சுற்றிய அலைச்சல் ஒழிந்தது. மட்டக்களப்பு வாவியில் மண்முனைப் பாலம் 2014 இல் திறந்தபின், ஓடத்துக்குக் காத்திருந்த படுவான்கரை உத்தியோகத்தர் சில நிமிடங்களிற் கரையேறுகிறார். மனம் வைத்த இடத்தில் நடந்திருக்கிறது.

அரசாங்கமே இந்த உண்மையை ஒருமுறை ஒப்புக்கொண்டிருக்கிறது. 2022 ஜூன், ஜூலை மாதங்களில் எரிபொருள் இல்லாமற் போனபோது என்ன செய்தார்கள்? "தியாகம் செய்யுங்கள், நடந்து வாருங்கள்" என்றா சொன்னார்கள்? பாடசாலைகளை மூடினார்கள். வழியில்லையேல் ஆசிரியரில்லை, ஆசிரியரில்லையேல் பாடசாலையில்லை என்பது அன்று கொழும்புக்கும் புரிந்தது. வன்னியின் உட்கிராமத்தில் அந்த 2022 ஆண்டுதோறும் நடக்கிறது. அதுதான் புரியவில்லை.

நம் பக்கத்துக் குற்றத்தையும் மறைக்க மாட்டோம். செல்வாக்குள்ளவர் வீட்டுப் பிள்ளைக்குத் தூர நியமனம் வந்தால், வைத்தியச் சான்றிதழும் அரசியல்வாதியின் சிபாரிசுக் கடிதமும் ஒரே வாரத்தில் தயாராகிவிடுகின்றன. இடமாற்றம் இரத்தாகிறது. அந்த வெற்றிடத்துக்குச் சிபாரிசில்லாத ஏழை வீட்டுப் பெண் அனுப்பப்படுகிறாள். நகரப் பாடசாலைகளில் ஆசிரியர் மிகை, வன்னியிற் பற்றாக்குறை என்ற பல்லவி இப்படித்தான் பிறக்கிறது. மேடையிற் சேவையைப் பற்றி முழங்குபவர்களுள் எத்தனை பேர் இத்தகைய கடிதத்திற் கையெழுத்திட்டவர்கள்? நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும்.

நமது கோரிக்கை பெரிதன்று. நியமனம் எழுதுமுன் அந்த ஊருக்கான காலைப் பேருந்தும் மாலைப் பேருந்தும் பாடசாலை மணிக்கு ஏற்ப ஓட ஒழுங்கு செய்யப்பட வேண்டும். பேருந்து போக முடியாத இடத்தில் வாகனச் செலவைத் திணைக்களம் ஏற்க வேண்டும். அதுவும் முடியாத இடத்தில் விடுதி கட்ட வேண்டும். இவற்றுள் ஒன்றையாவது செய்தபின் ஓர் ஆசிரியர் போக மறுத்தால், அவரைக் கண்டிக்கும் முதற் குரல் இந்தப் பத்தியிலிருந்தே எழும்.

அடுத்த நியமன வைபவம் எப்படியும் வரும். மாலை உண்டு, மங்கள விளக்கு உண்டு, படம் பிடிப்போர் உண்டு. கடிதத்தை வாங்கும் பிள்ளைகள், அதை நீட்டும் பிரமுகரிடம் அந்த இடத்திலேயே கேட்கட்டும்: "ஐயா, திங்கட்கிழமை காலை எந்த பஸ்?"