எளிமை எங்கே இருக்க வேண்டும்?

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குச் செல்வோர் வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல்களைக் கண்டிருப்பீர்கள். பின்னால் பெரிய தொட்டி. முன்னால் நிரப்பி வைத்த குவளைகள். ஒவ்வொருவருக்காகவும் தொட்டிவரை சென்று மொண்டுவர வேண்டியதில்லை. கணினியில் ‘கேஷ்’ எனப்படும் இடைச்சேமிப்பும் இத்தகையதே. மெதுவாக இயங்கும் வன்தட்டுக்கு முன்னால் விரைவான எஸ்.எஸ்.டி. ஒன்றை வைத்து, அடிக்கடி தேவைப்படுவதை அதிலிருந்தே எடுத்துத் தருவது. லினக்ஸ் கெர்னலில் இதற்கென டிஎம்-கேஷ், பிகேஷ் ஆகிய இரு கருவிகள் 2013ஆம் ஆண்டில் இடம்பெற்றன.

எடுப்பதில் சிக்கல் இல்லை, எழுதுவதில்தான் இருக்கிறது. நம் வருகைப் பதிவேட்டையே எண்ணிப் பாருங்கள். அன்றைய வருகையை உடனே பதிவேட்டில் எழுதுவது ஒரு முறை. துண்டுத்தாளில் குறித்துக்கொண்டு, ஓய்வு கிடைக்கும்போது பதிவேட்டில் ஏற்றுவது மற்றொரு முறை. இரண்டாவது முறை விரைவானது. ஆனால் தாள் தொலைந்தால் வருகையும் தொலைந்தது. இடைச்சேமிப்பிலும் இவ்விரு முறைகளும் உண்டு.

பிகேஷ் கருவி, நாம் எதையும் மாற்றாதவரை, முதல் முறையையே கையாளும். சில ஆண்டுகளுக்கு முன்பு, பள்ளிக் கணினி ஒன்றில் வேகம் போதவில்லையென்று ஒரே கட்டளையால் அதை இரண்டாவது முறைக்கு மாற்றினேன். மாற்றியது நானேதான். எவ்வளவு எளிது என்று மகிழ்ந்தேன். ஒருநாள் அந்த எஸ்.எஸ்.டி. பழுதடைந்தது. வன்தட்டில் பழுதேதும் இல்லை. ஆயினும் கடைசியாக எழுதியவை அதற்கு வந்து சேரவேயில்லை. எஞ்சியிருந்த கோப்புகளும் சிதைந்திருந்தன. முதலாம் ஆண்டு மாணவர்கள் தயங்கித் தயங்கி வாசித்த குரல்பதிவுகள் போயின. மதிப்பெண்ணை மீண்டும் இடலாம். அந்தக் குரல்களை எங்கே தேடுவது?

இதிலிருந்து நான் கற்றது ஒன்று. பயன்படுத்துவதற்கு எளிது என்பது வேறு. அமைப்பில் எளிது என்பது வேறு. டிஎம்-கேஷ் செய்வதைப் பாருங்கள். கணினி திடீரென நின்றுவிட்டால், எந்தப் பகுதி வன்தட்டுக்குச் சென்றது, எது செல்லவில்லை என்று அது ஆராய்வதில்லை. எதுவுமே செல்லவில்லையெனக் கொண்டு அனைத்தையும் மீண்டும் எழுதும். நேரம் வீணாகும்; ஆனால் தரவு வீணாகாது. நம்பகத்தன்மையைத் தருகின்ற எளிமை இதுவே.

ஆகவே, கருவியை உருவாக்குவோர் ஆபத்தான வழியை ஒரே சொல்லில் எட்டும்படி வைக்கலாகாது என்பது என் கருத்து. அவ்வழியைக் கேட்பவரிடம், எதை இழக்க நேரிடும் என்பதையும் அங்கேயே சொல்ல வேண்டும். பள்ளிகளுக்கும் வீடுகளுக்கும் முதல் முறையே போதும். அதனோடு, தனி வட்டில் ஒரு நகலும் கட்டாயம் வேண்டும். இடைச்சேமிப்பு ஒருபோதும் நகலாகாது.

பிள்ளைகளின் படைப்புகளைக் கணினியில் சேர்த்து வைக்கும் ஆசிரியர்களே, பெற்றோர்களே! அவை இப்போது பதிவேட்டில் இருக்கின்றனவா, துண்டுத்தாளில் இருக்கின்றனவா? இன்றே பார்த்துவிடுங்கள்.