கூந்தன்குளத்தில் நாம் விருந்தாளிகள்

விடுமுறை என்றாலே குற்றாலம், கொடைக்கானல் என்று புறப்படும் நம் குடும்பங்கள், நாங்குநேரிக்கு அருகிலுள்ள கூந்தன்குளத்தை ஏனோ நினைப்பதில்லை. 1994இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட சிற்றூர் அது. குளத்தைப் போலவே ஊரும் பார்க்கத்தக்கது. மஞ்சள் மூக்கு நாரைகள் தெருவோர மரங்களிலும் வீட்டு மரங்களிலுமே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. தலைக்கு மேல் ஓயாத இரைச்சல், வாசலில் எச்சம், மீன் வாடை. நம்மில் எத்தனை பேர் ஒரு வாரம் பொறுப்போம்? அவ்வூரார் தலைமுறைகளாகப் பொறுத்திருக்கின்றனர். பறவைகள் மிரளுமென்று தீபாவளிக்கு வெடியும் வெடிப்பதில்லை.

அங்கே நாம் வேனில் பாட்டை அலறவிட்டுச் சென்று இறங்குவது முறையா? பயணமொன்றில் தோழர்கள் குருவிக் குஞ்சுகளை எடுத்துவிட, தாய்க்குருவி தவித்ததைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்ன செய்தி அபூதாவூதில் உள்ளது. பறக்கும் அழகைப் படமெடுக்கக் கல்லெறிவோர் இதை எண்ண வேண்டும். தாய் எழுந்து பறந்தால் முட்டை வெயிலில் காயும், காகமும் காத்திருக்கும்.

ஆகவே செல்வோம், ஆனால் சுபுஹ் தொழுத கையோடு, அமைதியாக. பைனாகுலர் ஒன்று இருந்தால் பிள்ளைகள் தூரத்தில் நின்றே பார்ப்பார்கள். உணவுப் பொட்டலக் குப்பை நம்முடனேயே திரும்பட்டும். மழை பொய்த்த ஆண்டில் குளம் வற்றிவிடும். விசாரித்துப் புறப்படுவது நல்லது.