இரவற் குரலும் சொந்தக் குரலும்

சங்கீதப் பயிற்சியில்லாத நடிகர், பாட்டு நிறைந்த காதல் நகைச்சுவைப் படத்தில் தாமே பாடுதல் வேண்டுமா? அன்றிப் பிறர் குரலுக்கு வாயசைத்தல் போதுமா? சேலத்தாராகிய நமக்கு இவ்வினா அயலானதன்று.

நம் சூரமங்கலத்துக்குச் சிறிது தொலைவில், ஏற்காடு சாலையில், திரு. டி. ஆர். சுந்தரம் நடத்திய மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்தது. அங்கே 1940-இல் உருவான 'உத்தம புத்திரன்' படத்தில் இரட்டை வேடம் பூண்ட பி. யு. சின்னப்பா தம் பாட்டைத் தாமே பாடினார். பாடத் தெரியாதவர் கதாநாயகராதல் அந்நாளில் அரிது. அதே நிலையத்தார் 1956-இல் வெளியிட்ட 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்திலோ, பி. பானுமதி தம் குரலிலேயே பாட, எம். ஜி. ராமச்சந்திரனுக்காக ஏ. எம். ராஜா காதற் பாட்டைப் பாடினார். ஒரே பாட்டில் சொந்தக் குரலும் இரவற் குரலும் இசைந்து நின்றன.

இவ்வழக்கத்தால் விளைந்த நன்மை பெரிது. 1964-இல் ஸ்ரீதர் இயக்கிய 'காதலிக்க நேரமில்லை' படத்தை நோக்குக. பாட்டுக்களைப் பி. பி. ஸ்ரீநிவாஸ், பி. சுசீலா முதலியோர் பாடினர். புதுமுகமாகிய ரவிச்சந்திரன் காதலனானார். நாகேஷ் கதை சொல்ல, பாலையா அஞ்சி நடுங்கும் காட்சியில் பாட்டே இல்லை. ஆயினும் அதை நினைந்து இன்றும் நகைக்கிறோம். சங்கீத ஞானமே தகுதியென்றிருப்பின் இத்தகையோர் பலரை நாம் இழந்திருப்போம்.

எனினும் மறுபக்கமும் உண்டு. 1996-இல் அமெரிக்கராகிய உட்டி ஆலன் எடுத்த காதல் நகைச்சுவைப் படமொன்றில், பாடகரல்லாத நடிகர் ஏறக்குறைய அனைவரும் தாமே பாடினர்; ஒரு நடிகைக்கு மட்டுமே பிறர் குரல் தந்தனர். அக்குரல்களில் வித்துவத்துவம் இல்லை. ஆனால் காதல் வயப்பட்டவன் தெருவில் தன்னையறியாது முணுமுணுக்கும் உண்மை உண்டு. நகைச்சுவைக்குச் சிறு தடுமாற்றமும் அணியே.

ஆகவே வெள்ளித்திரைக்கு இரவற் குரல் தகும் என்பேன். நம் கல்லூரி விழா மேடைக்கு அது தகாது. அங்கும் நம் நண்பர் ஒலிப்பதிவுக்கு வாயசைக்கின்றனர். சுருதி பிசகினால் நகைப்பரே என்று அஞ்சுகின்றனர். முன்னிருப்போர் யார்? நம் தோழரும் ஆசிரியருமன்றோ? அவர்கள் கேட்க விரும்புவது நம் குரலையே. பிசகினாலும் பிசகுக, அடுத்த விழாவில் நாமே பாடுவோமாக.