மறைத்து வைத்த துப்பாக்கி எவரையும் காப்பதில்லை

கேழ்வரகும் மக்காச்சோளமும் கதிர் முற்றும் காலத்தில் ஹனூர் விவசாயிக்கு இரவு உறக்கம் இல்லை. ஒருபுறம் காவிரி வனவிலங்கு சரணாலயம். மறுபுறம் மாதேஸ்வரன்மலைக் காடுகள். யானையும் காட்டுப்பன்றியும் ஒரே இரவில் ஒரு பருவத்தின் உழைப்பை அழித்துவிடும். 1956 வரை கோவை மாவட்டத்தோடு இணைந்திருந்த இம்மண்ணில் தமிழரும் கன்னடரும் சோளகரும் இத்துயரைச் சேர்ந்தே சுமக்கின்றனர். காடோர வீடுகளுக்குள் துப்பாக்கி நுழைவதற்கான காரணத்தை இங்குதான் தேட வேண்டும்.

பயிர்ப் பாதுகாப்புக்காகக் கருமருந்துத் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் அவ்வுரிமம் விலங்கைக் கொல்லும் உரிமை ஆகாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கிறது. 2016ஆம் ஆண்டின் விதிகள் பாதுகாப்பாக வைப்பதற்கான உறுதிமொழியையும் கேட்கின்றன. ஓரறைக் குடிசையில் வாழ்பவர் இரும்புப் பெட்டிக்கு எங்கே போவார் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை.

உரிமம் இல்லாதவரின் நிலை இன்னும் கொடியது. வீரப்பன் தேடுதல் காலத்தில் சிறப்பு அதிரடிப்படை இழைத்த அத்துமீறல்களை விசாரிக்க, தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு அமைக்க வேண்டியிருந்தது. அந்த அச்சத்தின் நினைவு எளிதில் அகலாது. அச்சத்தால் கூரையிடுக்கிலும் வைக்கோற்போரிலும் மறைத்த ஆயுதத்தைப் பூட்டிவைக்க இயலாது. பிறரிடம் சொல்லி எச்சரிக்கவும் இயலாது. அதை முதலில் கண்டெடுப்பது பெரும்பாலும் குழந்தையின் கையாகவே இருக்கும்.

நாட்டுத் துப்பாக்கியில் மற்றோர் ஆபத்தும் உண்டு. தோட்டாவை உருவி எடுப்பதுபோல் அதன் மருந்தை எளிதில் வெளியே எடுக்க முடியாது. ஆகவே இரவில் கெட்டித்தது பகலிலும் அப்படியே சுவரில் சாய்ந்திருக்கும். கெட்டித்த துப்பாக்கி வீட்டுக்குள் வரவே கூடாது. வெறுங்குழல் துப்பாக்கியும் பூட்டுக்குள் இருக்க வேண்டும். கருமருந்து அடுப்பிலிருந்து விலகி, தனியே, பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். சாவி ஒருவரிடம் மட்டுமே இருக்க வேண்டும். வீட்டில் குடிப்பவரோ மனம் நொந்தவரோ இருந்தால் துப்பாக்கி அங்கே இருத்தலாகாது.

இதைச் சொல்வது காவல்துறையின் வேலை என்று சில தோழர்கள் ஒதுங்குவர். ஆனால் காவலரைக் கண்டு அஞ்சும் வீட்டின் கதவு விவசாயிகள் சங்கத்துக்குத் திறக்கும். அங்கே பாதுகாப்பைப் பேசும் நாமே அரசிடம் கோரிக்கையும் வைக்க வேண்டும். வழக்கின்றி ஆயுதத்தை ஒப்படைக்கக் காலக்கெடு அறிவிக்கட்டும். உரிமம் பெற்றோருக்குக் கிராமத்திலேயே பயிற்சி தரட்டும். யானை அகழியும் சூரியமின் வேலியும் அமைத்து, பயிர் இழப்பீட்டைத் தாமதமின்றி வழங்கட்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் தண்டனையைக் கடுமையாக்கியது; அதனால் பன்றி வயலுக்குள் வருவது நிற்கவில்லை. பயிருக்குக் காவல் கிடைத்தால் மட்டுமே துப்பாக்கி வீட்டைவிட்டு வெளியேறும். அதுவரை அதைப் பூட்டச் சொல்வதும், அந்தக் காவலுக்காகப் போராடுவதும் நம் கடமைகளே.