வீட்டுக்குள்ளும் ஒரு பெரட்டு



காலில் கட்டுப் போட்டு வந்தவர்கள், நோயில் படுத்தவர்கள், வயதாகி வேலையை விட்டவர்கள் என்று வீட்டோடு கிடக்க நேர்ந்தவர்கள் என்னிடம் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள். "டிரெசர் ஐயா, பொழுதே போகலீங்க. ராத்திரி தூக்கமும் வரலீங்க." தூக்க மாத்திரை கேட்பவர்களும் உண்டு. நான் கொடுப்பதில்லை. அதற்குப் பதிலாக 2020-இல் நான் பார்த்த ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

அந்த ஆண்டு மார்ச் 18-ஆம் தேதி கோவிட் நோய்க்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பள்ளிக்கூடம் இல்லை, கோயில் இல்லை. சித்திரைப் புத்தாண்டுக்குக்கூட ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகவில்லை. எங்கள் லயத்தில் இரண்டு அறை வீடு ஒன்றில் ஏழு பேர் அடைந்து கிடந்தார்கள். மகன், மருமகள், நான்கு பிள்ளைகள், முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டி ஓய்ந்த பாட்டி. பாட்டிக்கு நீரிழிவு.

பெரட்டு இல்லை, பள்ளி மணி இல்லை என்றதும் அந்த வீடு தலைகீழானது. பிள்ளைகள் நடுச்சாமம் வரை கைப்பேசி பார்த்தார்கள். பசியாறப் பத்து மணி, சோறு தின்ன மூன்று மணி. பாட்டி மட்டும் பழக்கம் மாறாமல் காலை ஏழு மணிக்கு மாத்திரையை விழுங்கிவிட்டு, மருமகளைத் தொந்தரவு செய்ய மனமில்லாமல் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கிறார். ஒரு நாள் மேலெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, பேச்சும் குழறிவிட்டது. மகன் என்னிடம் ஓடிவந்தார். நீரிழிவு மாத்திரைகளில் சில அப்படித்தான். போட்ட பிறகு சாப்பிடாவிட்டால் சர்க்கரை இறங்கிவிடும். நினைவு இருந்ததால் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தேன், தெளிந்தார். (நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். புரை ஏறிவிடும். உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.)

நான் மகனைத் திட்ட வாயெடுத்தேன். பாட்டி தடுத்தார். "அவன் மேல குத்தமில்ல தம்பி. இந்த வீட்டுக்கு நேரம் கெட்டுப் போச்சு."

என் இருபது வருட வேலையில் இதைவிடச் சரியாக நோயைக் கண்டுபிடித்துச் சொன்னவர் இல்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பாட்டியே வாசற்படியில் உட்கார்ந்து பெரட்டு எடுத்தாராம். பேர் கூப்பிடக் கூப்பிட பிள்ளைகள் சிரித்துக்கொண்டே "ஹாடிர்" சொல்லியிருக்கிறார்கள். ஒருவனுக்குக் கோழி, ஒருவனுக்குச் செடிக்குத் தண்ணீர், விளக்குமாறே தொடாத மகனுக்கு வாசல். ஏழு மணிக்கு எல்லாரும் சேர்ந்து பசியாறுவது. மகனுக்கும் வேலை கொடுத்தாரே, அதுதான் எனக்குப் பிடித்தது. எல்லாம் மருமகள் தலையில் விழுந்தால் அதற்குப் பெயர் ஒழுங்கு இல்லை, இன்னொரு வேலைச் சுமை.

பத்து வயதுப் பேத்திக்கு மட்டும் நான் ஒரு வேலை கொடுத்தேன். மாலையில் விளக்கேற்றியதும் டார்ச் அடித்துப் பாட்டியின் பாதத்தையும் விரல் இடுக்கையும் பார்க்க வேண்டும். நீரிழிவு நாள்பட்டால் கால் மரத்துப் போகும். முள் குத்தினாலும் தெரியாது. குனிந்து பார்க்கவும் பாட்டிக்கு முடியாது. மூன்றாவது வாரம் அந்தப் பிள்ளை, விரல் இடுக்கில் ஈரமாக ஒரு புண் இருப்பதைக் கண்டுபிடித்தாள். பாட்டிக்கு வலியே இல்லை. மருந்து வைத்துக் கட்டி இரண்டு வாரத்தில் ஆற்றினோம். இப்படிக் கவனிக்காமல் விட்டு விரலை எடுக்க நேர்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

காலைப் பார்க்கும் நேரத்தில் பாட்டி கதை சொல்வாராம். விடியாத இருட்டில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் வெட்டிய கதை. "பகல் முழுக்க அந்த நேரத்துக்குத்தான் காத்திருப்பேன்" என்றாள் பேத்தி.

"நோயாளியை ஏன் வேலை வாங்குறீங்க?" என்று சிலர் என்னிடம் கோபப்படுவதுண்டு. படுத்தே கிடக்கச் சொல்லி டாக்டர் உத்தரவிட்டவர்களை நான் சொல்லவில்லை. ஆனால் கால் ஒடிந்தவருக்குக் கை நன்றாகத்தானே இருக்கிறது? வெங்காயம் உரிக்கட்டும். பிள்ளைக்கு வாய்ப்பாடு கேட்கட்டும். டிவி முன்னால் உட்காரவைத்துத் தட்டை மட்டும் நகர்த்தினால் அந்த மனிதர், வீட்டில் தனக்கு இடமில்லை என்றுதான் நினைப்பார். பிறகு மாத்திரை எதற்கு என்பார். போத்தலும் வந்துவிடும்.

போன மாதம் பாட்டிக்கு ரத்த அழுத்தம் பார்க்க அந்த வீட்டுக்குப் போனேன். விளக்கேற்றும் நேரம். பேத்தி இப்போது இடைநிலைப் பள்ளியில் படிக்கிறாள். டார்ச்சோடு வந்து நின்றாள்.

"ஐயா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. வெளிச்சம் மறைக்குது."